ஹெச்.ஆர். வேலையில் மகள் தனித்துப்போய்விட்டாளா?

பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

ஓசூர் சிப்காட்டில் ஹெச்.ஆர். (மனிதவள அதிகாரி) ஆக இருக்கும் உங்கள் மகள், "கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தாலே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பழகத் தெரியவில்லையோ என்று கலங்க வேண்டாம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பேச்சு நிற்கத்தான் செய்யும்.

யாருக்கு என்ன சம்பளம், யாருக்கு மெமோ போகப்போகிறது, எந்த கான்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தொழிலாளர்களுக்கு அவர் நிர்வாகத்தின் ஆள். நிர்வாகமோ, தொழிலாளர்களுக்குப் பரிந்து பேசுகிறார் என்கிறது. சின்ன யூனிட்டில் சூப்பர்வைசர்கள் பலர் இருப்பார்கள், ஹெச்.ஆர். பெரும்பாலும் ஒரே ஆள். ஒரு சந்தேகம் கேட்கக்கூட பக்கத்து மேசையில் யாரும் இல்லை.

போதாததற்குச் சட்டமும் வாயைக் கட்டுகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் பெயரையோ விசாரணை விவரத்தையோ வெளியே விடக் கூடாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் "என்னடி நடந்தது, யார் அது?" என்று கேட்காதீர்கள். "உனக்கு எப்படி இருக்கு, தூங்கினியா?" என்று மட்டும் கேளுங்கள். சொல்ல முடிந்ததை அவரே சொல்வார்.

இந்த வேலையில் துணை, பெரும்பாலும் கம்பெனி கேட்டுக்கு வெளியேதான் கிடைக்கும். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகளும், அவற்றைச் சுற்றி உதிரிபாக யூனிட்களும் இருக்கிற ஊர் அது. ஒவ்வொன்றிலும் இதே தனிமையோடு ஒருவர் இருக்கிறார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையாக அலுவலகங்களுக்குப் போகும்போது வரிசையில் நிற்பவர்களும் அவர்கள்தான். பேசத் தொடங்க இப்போது நல்ல காரணமும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி, வாடகைப்படி, பயணப்படி போன்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கில் வரும். "உங்க கம்பெனியில் சம்பளத்தை எப்படிப் பிரிச்சீங்க?" என்று ஒருவரைக் கேட்டால் போதும், அரை மணி நேரம் பேசுவார். அப்புறம் மாதம் ஒருமுறை டீக்கடையில் மூன்று நான்கு பேர் உட்காரலாம். பெயர் சொல்லாமல், கம்பெனி ரகசியத்தைத் தொடாமல், "இப்படி ஒரு சிக்கல் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளலாம். 1980-இல் உருவான நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பெர்சனல் மேனேஜ்மென்ட் என்ற, ஹெச்.ஆர். வேலையில் இருப்பவர்களுக்கான தொழில் அமைப்பும் இருக்கிறது. பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், அங்கு நடக்கும் கூட்டங்களுக்கு ஞாயிறோ மாலையோ போய்வர முடியும்.

"ஹெச்.ஆர். யாரோடும் ஒட்டக் கூடாது" என்று சீனியர்கள் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே கூட்டத்தோடு ஒட்டாமல் இருந்தால் போதும். ஒரு நாள் ஸ்டோர்ஸ்காரர்களோடு, மறுநாள் குவாலிட்டி பெண்களோடு சாப்பிடட்டும். கம்பெனிப் பேச்சை விட்டுவிட்டு ஊர், பஸ், தக்காளி விலை என்று பேசட்டும். சில வாரங்களில் மௌனம் குறையும்.

இன்னொன்றையும் அவரிடம் பக்குவமாக விசாரியுங்கள். பொய் வருகைப்பதிவு போடச் சொல்கிறார்களா? மிரட்டி ராஜினாமாக் கடிதம் வாங்கச் சொல்கிறார்களா? அப்படியென்றால் பிரச்சினை தனிமை இல்லை. வேறு வேலை தேடிக்கொண்டு அங்கிருந்து வெளியே வருவதுதான் சரி. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் 14416-க்கு அழைக்கச் சொல்லுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ராஜினாமாவை மூன்று மாதம் தள்ளிப்போடட்டும். அதற்குப் பிறகும் மனம் ஒட்டாவிட்டால், குழுவாக வேலை நடக்கும் பெரிய கம்பெனியில் பேரோல் (சம்பளக் கணக்கு), பயிற்சி, ஆளெடுப்பு என்று ஒரு பிரிவுக்கு மாறலாம். இப்போது ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் பார்த்த அனுபவம் அந்த நேர்காணலில் அவருக்குக் கைகொடுக்கும்.