ஆல்பம் டிசைன் செய்யும் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ரேம், எந்த ரேம்?

கேள்வி: திண்டுக்கல்லில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பங்களை நானே போட்டோஷாப்பில் டிசைன் செய்கிறேன். கம்ப்யூட்டர் இன்டெல் ஐ5-10400, எச்410 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), 256 ஜிபி எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. 12-க்கு 36 ஷீட்டில் ஏழெட்டுப் படம் வைத்ததுமே திணறுகிறது. இன்னொரு 8 ஜிபி போட்டால் போதுமா? கடைக்காரர் 3200 ஸ்பீடு ரேம் வாங்கச் சொல்கிறார். அது தேவையா?

பதில்: ரேம் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். திணறல் வரும் அதே ஆல்பத்தைத் திறந்து வழக்கம்போல் வேலை பாருங்கள். போட்டோஷாப் விண்டோவின் அடியில், படத்தின் அளவு காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி ‘எஃபிஷியன்சி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது 100 சதவீதத்திலேயே நின்றால் ரேம் குற்றவாளி அல்ல. 100-க்குக் கீழே இறங்கினால், ரேமில் இடம் போதாமல் போட்டோஷாப் டிஸ்க்கை நாடுகிறது என்று அர்த்தம். உங்கள் விஷயத்தில் இறங்கும் என்றே நினைக்கிறேன். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12-க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600-க்கு 10800 பிக்சல். மொத்தம் சுமார் 3.89 கோடி பிக்சல். 8 பிட் கலரில் ஒரு பிக்சலுக்கு 3 பைட். ஷீட் முழுவதையும் மூடும் ஒரே ஒரு லேயருக்கு ஏறத்தாழ 117 எம்பி ஆகிறது. 16 பிட்டில் வேலை செய்தால் இது அப்படியே இரட்டிப்பு. பாதி ஷீட்டை மட்டும் மூடும் லேயர் குறைவாகத்தான் எடுக்கும், ஆனால் பின்னணி, டெக்ஸ்ச்சர், மாஸ்க் என்று சேரச் சேர 2 ஜிபி எங்கே போனது என்றே தெரியாது. அப்புறம் ஹிஸ்டரி இருக்கிறது. ஷீட் முழுக்க ஃபில்டர் போடும் ஒவ்வொரு முறையும், பின்னால் திரும்புவதற்காகப் பழைய நிலையையும் போட்டோஷாப் வைத்துக்கொள்கிறது. அப்படி இருபது முறை செய்தால் இன்னொரு 2.3 ஜிபி. விண்டோஸ், பின்னணியில் திறந்திருக்கும் லைட்ரூம், பிரௌசரில் வாட்ஸ்அப் எல்லாம் அதே 8 ஜிபிக்குள் அடங்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால், பிராசசரோடு வரும் கிராபிக்ஸும் இந்த ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கிறது.

அடோபியே போட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சம் 8, பரிந்துரை 16 அல்லது அதற்கு மேல் என்கிறது. சாதாரணமாக ஒரு படத்தைத் திருத்துகிறவருக்கு 16 போதும். ஆல்பம் ஷீட்டுகளை அடுக்கித் திறந்து வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிற உங்களுக்கு 32 ஜிபி தான் என் சிபாரிசு. 64 வேண்டாம், அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எச்410 போர்டுகளில் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பார்த்தால் இரண்டில் எத்தனை பயன்படுகிறது என்று தெரியும். இப்போது இன்னொரு 8 போட்டால் ஸ்லாட் நிரம்பிவிடும். அடுத்த வருடம் 16-உம் போதாமல் போனால் இரண்டையும் கழற்ற வேண்டும். அதனால் முடிந்தால் ஒரே பெட்டியில் வரும் இரண்டு 16 ஜிபி ஸ்டிக்குகளாக வாங்குங்கள். இரண்டு ஸ்டிக் என்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே ஸ்டிக்கில் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே விநாடிக்கு 21.3 ஜிபி வரைதான் போய்வர முடியும். சமமான இரண்டு இருந்தால் இரண்டு வழி திறந்து 42.6 ஆகிறது. தனி கிராபிக்ஸ் இல்லாத மெஷினில் இந்த வித்தியாசம் தெரியவே செய்யும்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொள்வதே முக்கியக் காரணம். இரண்டும் சேர்த்து வாங்கக் கை கடித்தால், இப்போதைக்கு ஒரு 16 வாங்கி இருக்கிற 8-உடன் போடுங்கள். 24 ஜிபி ஆகும். முதல் 16 ஜிபி இரண்டு வழியாகவும், மீதி 8 ஒரு வழியாகவும் ஓடும். கைவசம் பணம் வந்ததும் பழைய 8-ஐ எடுத்துவிட்டு இன்னொரு 16 போட்டால் கணக்கு முடிந்தது.

ஸ்பீடு விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஐ5-10400, எச்410 போர்டு இரண்டும் சேர்ந்தால் 2666-தான் உச்சம். 3200 ஸ்டிக் போட்டாலும் 2666-இல்தான் ஓடும். விலை ஒன்றாக இருந்தால் வாங்கலாம், கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஆனால் கேமிங் ஆட்களுக்கென்று விளக்கு வைத்து வரும் 1.35 வோல்ட் ஸ்டிக்குகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றின் அடிப்படை வேகம் 2133 அல்லது 2400-தான். மேலே ஏற்றும் வசதி உங்கள் போர்டில் இல்லாததால் 2666-ஐக்கூடத் தொடாமல் போகலாம். 1.2 வோல்ட் என்று அச்சிட்ட சாதாரண டிடிஆர்4 போதும்.

ஆன்லைனில் வாங்கினால் டெஸ்க்டாப்புக்கான ‘யுடிஐஎம்எம்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்றால் லேப்டாப்புக்கு. பழைய மார்க்கெட்டில் 16 ஜிபி மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். சர்வரில் இருந்து கழற்றிய ‘ரெஜிஸ்டர்டு’ ரேமாக இருக்கலாம். ஸ்லாட்டில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் மெஷின் ஆன் ஆகாது.

மாட்டும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்ட பிறகு ஸ்டிக்கை எடுங்கள். பள்ளத்தை நேராக வைத்து இரு முனையையும் அழுத்தினால் ‘க்ளிக்’ சத்தம் கேட்கும். முதல் தடவை திரை வர ஒரு நிமிடம் தாமதமானால் பதற வேண்டாம். அன்று இரவே ரேமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேரை ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். ஒரு பிழையுள்ள ஸ்டிக்கால் நான் சேமித்த படங்களில் கோடு கோடாக விழுந்தது, பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அடுத்தவர் கல்யாணப் படத்தில் அப்படி நடக்கக் கூடாது. ஒரு பிழை காட்டினாலும் பில்லோடு கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு போட்டோஷாப்பின் பிரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். மெமரியில் 70 சதவீதம் அதற்கு ஒதுக்கப்பட்டிருக்கும்; 75 அல்லது 80 வரை ஏற்றலாம், அதற்கு மேல் ஏற்றினால் விண்டோஸ் திணறும்.

இனி, 64 வாங்காமல் மிச்சம் பிடித்த பணம். 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸுக்கும் சாஃப்ட்வேருக்குமே நிரம்பியிருக்கும். 500 ஜிபியில் இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி, போட்டோஷாப்பின் ஸ்க்ராட்ச் டிஸ்க்கையும் (ரேம் போதாதபோது அது நாடும் இடம்) நடப்பு ஆல்பங்களையும் அதில் வையுங்கள். லைட்ரூமில் ஏஐ டீனாய்ஸ் போடும்போது ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் ஆகிறதென்றால், அதற்கு எவ்வளவு ரேம் போட்டாலும் பெரிதாக மாறாது. அது கிராபிக்ஸ் கார்டின் வேலை.