ஒற்றை பிரிண்ட் மட்டும் கேட்கிறார்களா? ஷீட் கணக்கில் விலை போடுங்கள்

போர்ட்ரெய்ட் படங்களுக்கு மூன்று பேக்கேஜ் (பல பிரிண்ட் சேர்ந்த தொகுப்பு) வைத்தும் எல்லோரும் ஒரு 5×7 அங்குல பிரிண்ட் மட்டும் வாங்கிப் போகிறார்கள் என்கிறீர்கள். நீங்கள் கொடுத்த பட்டியலில் 5×7-இன் விலை 8×10-இல் பாதி. கோளாறு அங்கேதான்.

பிரிண்ட் சின்னதானால் லேபில் பிரிண்ட் போடும் செலவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ரீடச் (படத்தில் குறைகளைத் திருத்துவது), கிராப் (அளவுக்கு வெட்டுவது), கலர் சரிபார்ப்பு, பேக்கிங் எல்லாவற்றுக்கும் அதே நேரம்தான் போகிறது. அதனால் அளவை விட்டுவிட்டு ஷீட்டை, அதாவது ஒரு 8×10 பிரிண்ட் தாளை, அலகாக வையுங்கள். ஒரு 8×10, இரண்டு 5×7, பர்ஸில் வைக்கும் 2.5×3.5 எட்டு: மூன்றுமே ஒரு 8×10 ஷீட்டில் அடங்கும். மூன்றுக்கும் ஒரே விலை. ஒரே ஒரு 5×7 வேண்டும் என்பவருக்கும் முழு ஷீட் விலைதான். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

தள்ளுபடியை இரண்டாவது ஷீட்டிலிருந்து கொடுங்கள், அதுவும் அதே போஸாக இருந்தால் மட்டும். ரீடச் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அங்கே குறைக்க நிஜமாகவே இடம் இருக்கிறது. போஸ் மாறினால் ரீடச் கட்டணத்தைச் சேர்த்துவிடுங்கள். பேக்கேஜில் பலரும் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

படம் எடுக்கும் கட்டணத்தைத் தனியாக, முன்பே வாங்கிவிடுங்கள். பிரிண்ட் விற்றுத்தான் அந்தப் பணத்தை ஈட்ட வேண்டும் என்ற நிலை வேண்டாம்.

டிஜிட்டல் ஃபைலை மலிவாகக் கொடுத்தால் பேக்கேஜ் படுத்துவிடும். நானாக இருந்தால் நடு பேக்கேஜ் விலைக்குக் கீழே தரமாட்டேன்.

அப்புறம், பல கேமராக்களில் படத்தின் அகல-நீள விகிதம் 2:3, 8×10 என்பது 4:5. நீளவாக்கில் வெட்டுப்படும், தலைக்கு மேல் இடம் விட்டு எடுங்கள்.