டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் பொதுமக்கள் போக முடியுமா? வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பது பயனுள்ளதா?

தாராளமாகப் போகலாம். முன்கூட்டி இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் போனபோது ஒரு சுற்றுக்கு ஆளுக்கு 50 ரூபாய். எந்தெந்த நாட்களில் திறந்திருக்கும் என்பது அவ்வப்போது மாறுகிறது, பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கையோடு எடுத்துப் போங்கள். கேமரா, கைப்பேசிக்கெல்லாம் உள்ளே அனுமதி கிடையாது. படம் எடுக்க முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், கண்ணால் பார்ப்பதற்கு அதுவே வசதி.

பயனுள்ளதா என்றால், ஆமாம், ஆனால் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால்தான். வழிகாட்டிகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார்கள். கூட்டத்தை நகர்த்திக்கொண்டே போக வேண்டிய அவசரம் அவர்களுக்கு. 340 அறைகள், நான்கு தளங்கள், தர்பார் ஹாலில் தொங்கும் விளக்கின் எடை இரண்டு டன் என்று எண்களாகக் கொட்டுவார்கள். அதைக் கேட்டு வாய்பிளந்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்த மாதிரி. என்னைக் கேட்டால், வெள்ளைக்காரன் மலைக்க வைப்பதற்காகக் கட்டிய வீட்டில் பின்னால் குடிவந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று 1911-ல் டெல்லியில் நடந்த முடிசூட்டு தர்பாரில் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்த பிறகு, வைஸ்ராய்க்காக எழுந்த மாளிகை இது. 1912-ல் தொடங்கி 1929-ல் முடித்தார்கள். 1947-ல் கிளம்பிவிட்டார்கள். கட்டுவதற்கு ஆன காலமும் ஆண்ட காலமும் ஏறத்தாழ ஒன்றுதான்! தூண்களின் உச்சியில் மூலைக்கு மூலை கல்லில் செதுக்கிய மணிகள் தொங்கும், தலையை நிமிர்த்திப் பாருங்கள். மணி ஒலித்தால் அரச வம்சம் முடிந்துவிடும் என்றொரு நம்பிக்கையாம். கல்மணி ஒலிக்காது, ஆகவே ஆட்சியும் போகாது என்று வைத்ததாக வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தர்பார் ஹாலில்தான் நிதானமாக நிற்க வேண்டும். (2024-லிருந்து அதற்குக் கணதந்திர மண்டபம் என்று பெயர்.) வட்டமான கூடம், சுற்றிலும் மஞ்சள் நிறப் பளிங்குத் தூண்கள், மேலே குவிமாடம். வைஸ்ராய்க்கும் அவர் மனைவிக்கும் சிம்மாசனம் போட்டிருந்த இடத்தில் இப்போது குடியரசுத் தலைவருக்கு ஒரே ஒரு நாற்காலி. அதன் பின்னால் குப்தர் காலத்துப் புத்தர் சிலை. 1947 ஆகஸ்ட் 15 அன்று நேருவின் அமைச்சரவை பதவியேற்றது இங்கேதான். வழிகாட்டி விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் புத்தரைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பக்கத்தில் அசோக் ஹால் (2024-லிருந்து அசோக் மண்டபம்), பழைய நடனக்கூடம். அதன் கூரையில் பாரசீக மன்னர் ஃபத் அலி ஷா வேட்டைக்குப் போகும் ஓவியம் இருக்கிறது. தோலில் வரைந்தது. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

தமிழர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. இந்த மாளிகையில் குடியேறிய முதல் இந்தியர் நம் ராஜாஜி. 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாக வந்தவர், வைஸ்ராய்கள் புழங்கிய பெரிய அறைகள் வேண்டாம் என்று வேறொரு பகுதியில் சில அறைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தச் சில அறைகள் இருக்கும் பகுதிதான் இன்றைக்கும் குடியரசுத் தலைவரின் குடும்பம் தங்கும் பகுதி. வைஸ்ராயின் அறைகள் வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் தங்கும் விருந்தினர் பகுதியாகிவிட்டன. உணவுத் தட்டுப்பாடு இருந்த அந்த நாட்களில் வளாகத்து நிலத்தை உழுது பயிர் வைக்கவும் செய்தார். இந்த அறைகளைச் சுற்றுலாவில் காட்டமாட்டார்கள். நீங்களாகக் கேட்டால் ஒழிய யாரும் இதைச் சொல்வதும் இல்லை, அதுதான் என் குறை.

அப்புறம், மாளிகைக்கு வரும் வழி. இந்தியா கேட்டிலிருந்து நேராகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். மாளிகைக்கு முன்னால் உள்ள விஜய் சௌக் சதுக்கம் நெருங்க நெருங்க மாளிகை கீழே இறங்கி மறைந்து, குவிமாடம் மட்டும் எட்டிப் பார்க்கும். சாலையின் சரிவால் வந்த வினை. இதற்காக மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸுக்கும், இருபுறமும் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த பேக்கருக்கும் பெரிய சண்டையே நடந்தது. சரிவைக் குறைக்க லட்யன்ஸ் எவ்வளவோ போராடினார், நடக்கவில்லை. கால்நடையாக வந்தால்தான் இது பிடிபடும், ஆட்டோவில் வந்தால் தெரியாது.

மாளிகையைப் பார்த்தபின் நேரமிருந்தால் அருங்காட்சியகத்துக்கும் தனியாகப் பதிவு செய்யலாம். பழைய குதிரை லாயமும் வண்டிக்கொட்டகையும் இருந்த இடம் அது. ஐந்தாம் ஜார்ஜ் அமர்ந்த வெள்ளி நாற்காலி அங்கே இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். தோட்டம் (இப்போது அம்ரித் உத்யான்) பூக்கும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் திறப்பார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கூட்டம் நெரியும். மாளிகையை அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்துவிட்டு நவம்பரில் போங்கள்.