பாட்டியின் நாட்கள் நினைவுக்கு வரவில்லை என்று கேட்டவருக்கு

பாட்டி படத்தைத் தினமும் பார்த்தும் அவரோடு இருந்த நாட்கள் ஒன்றும் துலக்கமாக வரவில்லை என்கிறீர்கள். படத்தைக் கொஞ்ச நாள் உள்ளே வையுங்கள். ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுதான் மனதில் ஊறும், மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

மூளை ஒவ்வொரு முறையும் துண்டுகளைச் சேர்த்துத்தான் நினைவைக் கட்டுகிறது. அதற்கு ஒரு துப்பு வேண்டும். இடம் நல்ல துப்பு. 1975இல் காடன், பேட்லி என்ற உளவியல் ஆய்வாளர்கள் முக்குளிப்போரைச் சோதித்தபோது, தண்ணீருக்கடியில் கற்ற சொற்கள் கரையைவிடத் தண்ணீருக்கடியிலேயே அதிகம் நினைவுக்கு வந்தன. பாட்டி வீட்டுக்குப் போக முடிந்தால் போங்கள். இல்லையா, கண்ணை மூடி வாசலிலிருந்து மெல்ல நடந்து பாருங்கள்: கதவு எந்தப் பக்கம் திறக்கும், சுவிட்ச் எந்த உயரத்தில் இருக்கும், அவர் எங்கே உட்கார்ந்திருப்பார், கையில் என்ன. அவசரப்பட்டால் வராது. அவர் போட்ட சோப்பு கிடைத்தால் முகர்ந்தும் பாருங்கள்; வாசனைக்கு நினைவுப் பகுதியோடு நெருக்கமான இணைப்பு உண்டு.

வந்ததை உடனே எழுதிவிடுங்கள். அப்புறம்தான் அக்கா, தம்பியிடம் கேட்க வேண்டும். 1974இல் லாஃப்டஸ், பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் விபத்துப் படம் காட்டி, கார்கள் 'மோதியபோது' என்பதற்குப் பதில் 'நொறுங்கியபோது' என்று கேட்டதற்கே பார்த்தவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் கதையே சொன்னால் நம் நினைவு எவ்வளவு மாறும் என்று சொல்லவே வேண்டாம்!