பின் நம்பர் நினைவிருக்கிறது, பாஸ்வேர்ட் நினைவில்லை: லேப்டாப்பை ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப்பை வாங்கிய நாளிலிருந்து நான்கு இலக்க பின் போட்டுத்தான் திறந்துவந்தேன். சென்ற வாரம் மதர்போர்டு பழுதாகி மாற்றினார்கள். இப்போது பின்னை ஏற்க மறுத்து, பாஸ்வேர்ட் கேட்கிறது. எப்போதோ வைத்த பாஸ்வேர்ட், சுத்தமாக நினைவில்லை. அந்தக் கணக்கில் கொடுத்திருந்த செல்போன் எண்ணும் இப்போது என்னிடம் இல்லை. ஃபார்மட் செய்தால்தான் ஆகும் என்கிறார் கடைக்காரர். என் முனைவர் பட்ட ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வேறு வழியே இல்லையா?
– கல்லூரி ஆசிரியை, கும்பகோணம்

பதில்: ஃபார்மட் வேண்டவே வேண்டாம். லேப்டாப் இன்னும் கடையில் இருந்தால் இன்றே வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஆய்வேடு பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில், பின் ஏன் செத்துப்போனது என்று பார்ப்போம். பின் என்பது அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டுமே உரியது; மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பை நம்பி இயங்குவது. போர்டு மாறியதும் பழைய சிப்பும் போய்விட்டது. பாஸ்வேர்ட் அப்படியல்ல, அது கணக்குக்கு உரியது. தினமும் பின் போட்டுப் பழகியவர்களுக்கு பாஸ்வேர்ட் மறந்துபோவது மிகவும் சகஜம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். அப்படி இருந்தால், போர்டு மாற்றிய பிறகு லாக்-இன் திரை வருவதற்கு முன்பே நீலத் திரையில் பிட்லாக்கர் ரெக்கவரி கீயை, அதாவது அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண்ணைக் கேட்டிருக்கும். உங்களுக்கு நேராக லாக்-இன் திரையே வந்துவிட்டது. ஆகவே டிஸ்க் பூட்டப்படாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பூட்டில்லாத டிஸ்கிலிருந்து ஃபைல்களை எடுக்க விண்டோஸ் பாஸ்வேர்ட் தேவையே இல்லை.

எனவே கணக்கை மீட்பதற்கு முன்பு ஆய்வேட்டை வெளியே எடுங்கள். வேறொரு கணினியில் உபுண்டு லினக்ஸை (விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச இயங்குதளம்) டவுன்லோட் செய்து, 8 ஜிபிக்குக் குறையாத காலி பென் டிரைவில், கணினி அதிலிருந்தே பூட் ஆகும்படி (தொடங்கும்படி) எழுதிக்கொள்ளுங்கள். லாக்-இன் திரையின் வலது கீழ் மூலையில் பவர் பட்டன் இருக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்தியபடியே அதில் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீல மெனு வரும்; அதில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பென் டிரைவிலிருந்து கணினி இயங்கும். உபுண்டுவில் ‘ட்ரை’ என்பதை மட்டும் அழுத்துங்கள். தவறிப்போய் ‘இன்ஸ்டால்’ பக்கம் போய்விட வேண்டாம், அது டிஸ்கையே அழித்துவிடக்கூடும். பிறகு விண்டோஸ் டிரைவைத் திறந்து, ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு நகலெடுங்கள். டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கலாம், அங்கேயும் பாருங்கள். இதையெல்லாம் தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், உங்கள் கல்லூரிக் கணினித் துறையில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

டிரைவைத் திறக்கும்போது உபுண்டு ரெக்கவரி கீ கேட்டால், டிஸ்க் பூட்டியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கு கைக்கு வந்தால் கீயும் வந்துவிடும்.

அடுத்தது கணக்கு. லாக்-இன் திரையில் உங்கள் பெயரோடு மெயில் முகவரி தெரிந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. புதிய பாஸ்வேர்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பு, உங்கள் செல்போனில் சேமித்த பாஸ்வேர்ட் பட்டியலை ஒருமுறை பாருங்கள். என்றோ போனில் அவுட்லுக் திறந்திருந்தால், பழைய பாஸ்வேர்ட் அங்கேயே இருக்கக்கூடும். தட்டச்சு செய்யும்போது பெட்டியில் உள்ள கண் அடையாளத்தை அழுத்தி, எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் கீபோர்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால், விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சரியான பாஸ்வேர்டையே தவறு என்று காட்டும் சிக்கல் சில சமயம் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அங்கேயும் கிடைக்காவிட்டால், போனிலிருந்தே மைக்ரோசாஃப்ட் தளத்தில் ‘ஃபர்காட் பாஸ்வேர்ட்’ கொடுங்கள். மாற்று மெயில் கொடுத்திருந்தால் கோட் அதற்கு வரும். அதுவும் இல்லையா? பழைய எண் வேறு யாருக்கும் போகாமல் இருந்தால், செல்போன் நிறுவனத்தின் கடைக்குப் போய் உங்கள் பெயரிலேயே டூப்ளிகேட் சிம் கேட்டுப் பாருங்கள். அதற்கும் வழியில்லாமல் போனால், அடுத்தது கணக்கு மீட்பு விண்ணப்பம். பழைய பாஸ்வேர்டுகளில் நினைவிருப்பவை, நீங்கள் அனுப்பிய மெயில்களின் தலைப்புகள் என அதில் நிறையக் கேட்பார்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலும் வீட்டு வைஃபையிலும் இருந்தே நிரப்புங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை முன்பே போட்டிருந்தால் இந்த விண்ணப்பம் செல்லாது. கணக்கை மீட்க மைக்ரோசாஃப்ட் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. தேடலில் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களை அழைத்து ஓடிபியைச் சொல்லிவிடாதீர்கள், அதில் பணம் இழந்தவர்கள் ஏராளம்.

புதிய பாஸ்வேர்ட் கிடைத்த பிறகும் பலர் தடுக்கி நிற்கும் ஓரிடம் உண்டு. லேப்டாப்பில் இணையம் இல்லாவிட்டால் அது பழைய பாஸ்வேர்டையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே லாக்-இன் திரையிலேயே வைஃபை அடையாளத்தை அழுத்தி, போன் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

மெயில் முகவரி இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால், அது அந்தக் கணினியில் மட்டுமே உள்ள லோக்கல் கணக்காக இருக்கலாம்; ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் முகவரி மறைந்திருப்பது உண்டு. லோக்கல் கணக்கானால், தவறான பாஸ்வேர்ட் ஒன்றைப் போட்டால் கீழே ‘ரீசெட் பாஸ்வேர்ட்’ தோன்றும்; கணக்கு தொடங்கியபோது கொடுத்த பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். அதே கணினியில் வேறு நிர்வாகிக் கணக்கு இருந்தால், அதன் வழியாகவும் மாற்றலாம்.

உள்ளே போனதும் கணக்கில் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணையும் ஒரு மாற்று மெயிலையும் சேருங்கள். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் பகுதியைப் பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், 48 இலக்கக் கீயைக் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி, லேப்டாப் பையில் அல்லாமல் வீட்டு அலமாரியில் வையுங்கள்.