கிளைச் சங்கங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் சங்கத்தின் மாவட்டக் கிளையைத் தனியாகப் பதிவு செய்யலாமா? (திண்டுக்கல்)

செய்யலாம், ஆனால் பதிவு செய்த மறுநாளிலிருந்து அது உங்கள் கிளை அன்று. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி தனக்கென விதிகள், பொதுக்குழு, கணக்குத் தணிக்கை எல்லாம் உடைய வேறொரு சங்கமாகிவிடும். அதன்பின் தலைமைச் சங்கம் அனுப்பும் சுற்றறிக்கை வெறும் வேண்டுகோள்தான். கிளை கிளையாகவே இருக்க வேண்டுமென்றால், அதன் அதிகாரங்களைத் தலைமைச் சங்கத்தின் துணைவிதிகளில் எழுதினால் போதும்.

உறுப்பினர் சந்தாவுக்கு 80ஜி வருமான வரிச் சலுகை உண்டா? (சேலம்)

இல்லை. சந்தா வேறு, நன்கொடை வேறு என்று பலமுறை எழுதிவிட்டேன். 80ஜி அனுமதி பெற்ற சங்கமாக இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கும் சலுகை கிடையாது.

கிளைச் செயலாளரின் கைபேசி எண்ணுக்கே சந்தாவை அனுப்பச் சொல்கிறோம். அவர் நேர்மையானவர். இதில் தவறு உண்டா? (கும்பகோணம்)

தவறு உண்டு. மாதந்தோறும் யாராவது ஒருவர் இதையே கேட்கிறார்; எல்லாரும் "அவர் நேர்மையானவர்" என்றே சேர்த்து எழுதுகிறார்கள். நேர்மையானவரைத்தான் இந்த ஏற்பாடு முதலில் பாதிக்கிறது. ஊராரின் சந்தா அவருடைய சேமிப்புக் கணக்கில் வந்து விழும்போது, அது தம் வருமானம் அன்று என்று வருமான வரித்துறைக்கு விளக்க வேண்டியவர் அவரே. நாளை ஒரு மனத்தாங்கல் வந்தால் எது சங்கத்துப் பணம், எது வீட்டுப் பணம் என்று பிரித்துக் காட்ட வேண்டியவரும் அவரே. நான் அறிந்த ஒரு சங்கத்தில் செயலாளர் திடீரென இறந்துபோக, துக்க வீட்டில் போய் நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்கும் நிலை நிர்வாகிகளுக்கு வந்தது. அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க அவர்களால் பிறகு முடியவில்லை.

செய்ய வேண்டியது எளிது. தலைமைச் சங்கத்தின் செயற்குழுத் தீர்மானத்தைக் கொண்டு, சங்கத்தின் பெயரிலும் அதன் பான் எண்ணிலுமே கிளைக்கு வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். இருவர் கையொப்பமிட்டே பணம் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். பணம் பெறுவதற்கான க்யூஆர் அட்டையை அந்தக் கணக்குக்கே வாங்குங்கள். ஐம்பது ரூபாயானாலும் ரசீது, பத்து ரூபாயானாலும் செலவுச் சீட்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய உறவினரையும் குடவோலையில் பெயர் இடம்பெறாமல் விலக்கியது. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர்ச்சபைக்குத் தெரிந்திருந்தது இது. கைபேசி வந்ததும் நமக்கு மறந்துவிட்டது.

பதினைந்து ஆண்டுகளாக ஒருவரே கிளைச் செயலாளர். சட்டம் தடுக்காதா? (விருதுநகர்)

தடுக்காது. சங்கத்தின் செயற்குழுவுக்கே மூன்றாண்டுப் பதவிக்காலத்தைத்தான் சட்டம் வரையறுக்கிறது. மறுபடியும் தேர்ந்தெடுப்பதைத் தடை செய்யவில்லை. கிளைக்குத் தடை வேண்டுமென்றால் உங்கள் துணைவிதியில்தான் எழுத வேண்டும். ரோட்டரி சங்கங்களில் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று தலைவர் மாறுகிறார். அடுத்தவர் யார் என்பது முன்பே முடிவாகியிருப்பதால் அவர் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. துணைச் செயலாளர் என்ற பதவியை அலங்காரத்துக்கு வைக்காமல், ஓராண்டாவது தீர்மான ஏட்டை அவரையே எழுதச் செய்யுங்கள்.

தன்னார்வலர்கள் முதல் கூட்டத்துக்கு வருகிறார்கள், பிறகு வருவதில்லை. (நாகர்கோவில்)

அந்த முதல் கூட்டத்தில் அவர்களுக்கு என்ன வேலை தந்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை; பெரும்பாலும் நாற்காலி தந்திருப்பீர்கள். "முடிந்த உதவியைச் செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள். இரண்டு வாரத்தில் முடியக்கூடிய ஒரு வேலையை ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். கண் பரிசோதனை முகாமுக்கு வருபவர்களின் பதிவேட்டை எழுதுவது போன்ற ஒன்று. அவர் கைக்காசில் கொடுத்த பேருந்துக் கட்டணத்தை அந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். அதற்கும் செலவுச் சீட்டு வேண்டும்.

எங்கள் கிளை சரியாக இயங்கவில்லை. வழி கூறவும். (ஊர் குறிப்பிடவில்லை)

உறுப்பினர் எத்தனை பேர், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, சந்தாவில் கிளையிடம் எவ்வளவு தங்குகிறது ஆகிய மூன்றையும் எழுதாமல் வழி கேட்டால் நான் சோதிடம்தான் பார்க்க வேண்டும். சந்தா முழுவதையும் தலைமையே எடுத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும், பாதியையாவது கிளையில் விட்டுவைக்கும்படி அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.