பனிப்புயலில் நெடுஞ்சாலை: வாசகர் கேள்வி – பதில்

பனிப்புயலில் வண்டி நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இங்கே. வண்டி பராமரிப்பிலும் அவசர சிகிச்சையிலும் அனுபவம் உள்ளவர்கள் பதில் தருகிறார்கள்.

கே: முன்னாலும் பின்னாலும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பனி கொட்டுகிறது. அடுத்த ஊர் 3 கிலோமீட்டர் என்று பலகை சொல்கிறது. இறங்கி நடந்துவிடலாமா?

ப: வேண்டாம். 3 கிலோமீட்டர் என்பது சாதாரண நாளில் முக்கால் மணி நேர நடை. முழங்கால் புதையும் பனியில், எதிர்க்காற்றில், அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. காற்று பனியை வாரிச் சுழற்றும்போது வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். பத்தடி போய்த் திரும்பினால் உங்கள் வண்டியே கண்ணுக்குத் தெரியாது. தேடி வருகிறவர்களுக்கு வண்டி அகப்படும். பனியில் விழுந்து கிடக்கும் ஆள் அகப்படமாட்டார்.

இதற்கு விலக்கு இரண்டே. தெளிவாகக் கண்ணில் படும் தூரத்தில் ஆள் இருக்கும் கட்டடம் இருந்தால் போகலாம். இன்னொன்று, பின்னால் போக்குவரத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் வண்டி ஓடுதடத்திலேயே நின்றுபோவது. அப்போது பெரிய ஆபத்து குளிர் அல்ல, பின்னால் வரும் லாரி. பாதுகாப்பாக இறங்க முடிந்தால் தடுப்பு வேலிக்கு அப்பால் ஒதுங்குங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள். இறங்க வழியில்லை என்றால் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உட்காருங்கள்.

நின்ற உடனே உதவிக்கு அழையுங்கள். 112 என்ற எண் பெரும்பாலான நாடுகளில் செல்போனிலிருந்து அந்நாட்டு அவசர சேவைக்குப் போய்ச் சேரும். கிலோமீட்டர் கல், எந்தத் திசைத் தடம், கடைசியாகத் தாண்டிய பிரிவுச் சாலை, வண்டியில் எத்தனை பேர், எரிபொருள் எவ்வளவு ஆகியவற்றைச் சொல்லுங்கள். அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போகக்கூடும். குளிரில் போன் திடீரென அணைந்துவிடும் என்பதால் அதைச் சட்டையின் உள்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள்.

கே: எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டால் என்ன? டேங்க் பாதி இருக்கிறது.

ப: எங்களுக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலைச் சாலைகளில் பனிப்புயலில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் கண்ணாடியை ஏற்றிவிட்ட வண்டிகளுக்குள்ளேயே கிடந்தார்கள். குளிரோடு கார்பன் மோனாக்சைடும் காரணமாகச் சொல்லப்பட்டது.

நடப்பது இதுதான். கொட்டும் பனி சைலன்சர் குழாயின் வாயை மூடிவிடுகிறது. வெளியேற வழியில்லாத புகை வண்டியின் அடிப்பகுதியில் தேங்கி, தரை இடுக்குகள் வழியாகவும், கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாங்கும் சல்லடை வழியாகவும் உள்ளே ஏறுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி வேலை செய்வதில்லை. அதனால் புதிய வண்டி என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

ஆகவே ஒவ்வொரு முறை எஞ்சினைப் போடுவதற்கு முன்பும் ஒருவர் இறங்கி, சைலன்சர் வாயைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் பனியை அள்ளித் தள்ள வேண்டும். 'போன தடவைதானே அள்ளினோம்' என்று விட்டுவிடக் கூடாது. கடும் பொழிவில் ஒரு மணி நேரம் போதும், குழாய் மறுபடி மூடிவிடும். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையையும் துடையுங்கள். பிறகு காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு எஞ்சினைப் போடுங்கள். மணிக்கு 10 நிமிடம், குளிர் மிகக் கடுமையென்றால் 15. முதல் சில நிமிடங்களுக்குக் குளிர்காற்றுதான் வரும். சூட்டுமுள் ஏறிய பிறகே ஹீட்டர் விசிறியைத் திறங்கள். எஞ்சின் ஓடும்போது எல்லோரும் தூங்கக் கூடாது. ஒருவராவது விழித்திருக்க வேண்டும்.

வண்டிக்குள் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றால் அதைப் பயணக் களைப்பு என்று எண்ணாதீர்கள். உடனே எஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்து, வெளிக்காற்றுக்கு வாருங்கள். ஐந்து நிமிடக் குளிர் கொல்லாது. வெறும் காற்றில் ரத்தத்திலிருந்து இந்த வாயு பாதி குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். அதனால் தெளிந்துவிட்டது போலிருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். பேட்டரியில் இயங்கும் சிறிய கார்பன் மோனாக்சைடு மானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அளவை எண்ணில் காட்டும் வகை நல்லது. வீட்டுக்கான அலாரம் பல, அளவு குறைவாக இருந்தால் வெகுநேரம் கழித்துத்தான் கத்தும்.

பெட்ரோல் கணக்கு: சிறிய கார் நின்ற நிலையில் மணிக்குச் சுமார் 0.7 லிட்டர் குடிக்கும். 10 லிட்டர் இருந்தால், விடாமல் ஓட்டினால் பதினான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மணிக்கு 10 நிமிடம் என்றால் மூன்று நாள் வரும். குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகக் குடிப்பதைக் கழித்தாலும் இரண்டு நாளுக்குக் குறையாது.

கே: மின்சாரக் கார் வைத்திருக்கிறோம். பனியில் நின்றால் விறைத்துச் செத்துவிடுவோம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

ப: இல்லை. சொல்லப்போனால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் வண்டி மேல். 60 கிலோவாட் மணி பேட்டரியில் பாதி இருந்தால் 30. உள்ளே கதகதப்பைத் தக்கவைக்க ஹீட்டர் சராசரியாக 1.5 முதல் 2 கிலோவாட் இழுக்கும் என்று கொண்டால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வெப்பநிலையை 16 டிகிரிக்கு இறக்கி, சீட் சூடாக்கியை மட்டும் போட்டால் இன்னும் நீளும். ஒரு சீட்டுக்கு 100 வாட்டைத் தாண்டாது. புகையும் கிடையாது. ஆனால் முன்னால் ஒட்டி நிற்கும் டீசல் வண்டியின் புகை உங்கள் சல்லடை வழியே வரும். வரிசையில் நிற்கும்போதே ஒரு கார் நீளம் இடைவெளி விடுங்கள்.

குறை எங்கே என்றால், 20 சதவீதத்தில் வந்து மாட்டிக்கொண்டால் ஒரு கேனில் மின்சாரம் கொண்டுவந்து ஊற்ற முடியாது. குளிரில் ஓடும் தூரமும் குறையும், வேக சார்ஜும் மந்தமாகும். புயல் அறிவிப்பு இருக்கும் நாளில் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். அந்த விதி பெட்ரோல் வண்டிக்கும் பொருந்தும்.

கே: ஹசார்டு விளக்கை (நான்கு இண்டிகேட்டரும் ஒருசேர மினுக்கும் எச்சரிக்கை விளக்கை) விடாமல் எரியவிடலாமா?

ப: பழைய வகை பல்பு 21 வாட், நான்கு சேர்ந்தால் 84. பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி 42 வாட், அதாவது ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர். 60 ஆம்பியர் மணி பேட்டரி நல்ல வெயிலில் பதினேழு மணி நேரம் கொடுக்கும்; மைனஸ் 18 டிகிரியில் அதன் திறன் பாதியளவுக்கு விழுந்துவிடும், எஞ்சினைச் சுழற்றவும் மிச்சம் வேண்டும். எஞ்சின் ஓடும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் எரியவிடுங்கள். மற்ற நேரத்துக்குக் கண்ணைப் பறிக்கும் நிறத் துணி ஒன்றை ஆன்டெனாவிலோ கதவுக் கைப்பிடியிலோ கட்டுங்கள்.

கே: பேட்டரி இறங்கிவிட்டது. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடும் சரியான முறை?

ப: முதலில் பேட்டரியைப் பாருங்கள். பக்கம் உப்பியிருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ தொடாதீர்கள். நிறைந்த பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. தீர்ந்த பேட்டரியின் திரவம் மைனஸ் 10-க்குள்ளேயே உறையும். உறைந்ததற்கு மின்சாரம் கொடுத்தால் வெடிக்கும்.

சிவப்பு: முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு: நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை இறங்கிய வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். இரண்டும் ஒரே இடத்தில் சேரக் கூடாது என்பதற்காகத்தான் அது பேட்டரி மைனஸில் போகாமல் தள்ளிப் போகிறது. ஐந்து நிமிடம் நல்ல வண்டியை ஓடவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை.

கே: சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை.

ப: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சுற்றும் டயர் பனியை உருக்கி, உருகியது கண்ணாடி போல உறைந்து, நீங்களே உங்களுக்குக் குழி தோண்டுகிறீர்கள். இறங்கி, இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பனியை வெட்டி எடுங்கள். வண்டியின் வயிற்றுக்கடியிலும் பாருங்கள். அடித்தட்டு பனிமேட்டில் ஏறி உட்கார்ந்திருந்தால் சக்கரத்துக்குப் பாரமே இருக்காது, எந்த வித்தையும் பலிக்காது. ஸ்டீயரிங்கை நேராக்கி, டயருக்கு முன்னால் மணல் தூவி, இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாடு (டிராக்ஷன் கன்ட்ரோல்) உள்ள வண்டியில் அதைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். கால்மிதியை டயருக்கடியில் போட்டால் பின்னால் யாரும் நிற்கக் கூடாது; அது அம்பாகப் பாயும். முன்னும் பின்னும் ஆட்டி எடுப்பதை ஆட்டோ கியர் வண்டியில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் செய்தால் கியர்பெட்டி சூடேறும். நகரவில்லையா, விட்டுவிடுங்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு இரவு முழுக்க உட்காருவது அதைவிட மோசம்.

கே: சரக்கு லாரி ஓட்டுகிறேன். ஸ்டார்ட் ஆகிறது, சில நிமிடத்தில் இழுவை போய் அணைந்துவிடுகிறது.

ப: டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்திருக்கிறது. குழாயில் மிச்சமிருக்கும் டீசல் தீரும்வரைதான் ஓடும். சூடான ஊரில் நிரப்பிய கோடை டீசலோடு குளிர்ப் பகுதிக்கு ஏறும்போது நடப்பது இது. உறைதடுப்பு மருந்தை டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். திரண்ட மெழுகை அது கரைக்காது. இப்போதைக்கு ஃபில்டரை மாற்றி, சூடான இடத்தில் வைத்திருந்த நல்ல டீசலை அதில் நிரப்பிப் பாருங்கள். பெட்ரோல் கலக்கும் பழைய வைத்தியம் வேண்டாம். இக்கால உயரழுத்தப் பம்புகளுக்கு டீசல்தான் மசகு. பம்ப் போனால் செலவு தாங்காது. டேங்குக்கடியில் தீ மூட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

காற்று பிரேக் டேங்கின் ஈரத்தைத் தினமும் வடித்துவிடுங்கள்; வால்வில் உறைந்தால் பிரேக் விடுபடாது.

கே: இயந்திரங்கள் இவ்வளவு இருக்கும்போது ஒரு முழு நெடுஞ்சாலையே எப்படி ஒரு நாள் நின்றுபோகிறது?

ப: 2022 ஜனவரி தொடக்கத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 சாலையில் நடந்ததைப் பாருங்கள். புயல் மழையாகத் தொடங்கியது. சாலையில் பனி உறைந்து ஒட்டாமலிருக்க முன்கூட்டி உப்புக் கரைசல் தெளித்தால் மழை கழுவிவிடும் என்பதால் தெளிக்கவில்லை. மழை பனியானது, சாலை பனிக்கட்டியானது, கனரக வண்டிகள் குறுக்கே திரும்பி நின்றன. அதற்குப் பின் பனி அள்ளும் வண்டியும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். செனட்டர் டிம் கெய்ன் உட்படப் பலர் ஒரு நாளுக்கு மேல் சிக்கிக் கிடந்தார்கள். உப்புக்கும் ஓர் எல்லை உண்டு; மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு அநேகமாகப் பயன்படாது.

கே: சிறு குழந்தைகளோடு மாட்டிக்கொண்டால்? தண்ணீர் தீர்ந்தால் பனியைச் சாப்பிடலாமா? குளிருக்கு ஒரு மிடறு பிராந்தி?

ப: பிராந்தி கூடாது. தோலின் ரத்தக்குழாய்களை அது விரித்துவிடும். உடம்பு சூடானது போலத் தோன்றும், உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். பனியை அப்படியே தின்பதும் நஷ்டக் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கான பனியை உருக்கி உடல் சூட்டுக்குக் கொண்டுவர உடம்பு ஏறக்குறைய 117 கிலோகலோரி செலவிடும். பாட்டிலில் அடைத்து, எஞ்சின் ஓடும்போது ஹீட்டர் துவாரத்தின் முன் வைத்து உருக்கிக் குடியுங்கள்.

குழந்தைகளை இரண்டு பெரியவர்களுக்கு நடுவே, ஒரே போர்வைக்குள் வையுங்கள். கைக்குழந்தையைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து, முகம் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக் காலுறையை உடனே மாற்றுங்கள். நடுங்குவது நல்ல அறிகுறிதான்; இன்னும் குளிராக இருக்கும்போதே நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கம் வந்தால் உள்சூடு 32 டிகிரிக்கு அருகே விழுந்திருக்கலாம். அப்படிப்பட்டவரை ஆட்டாமல், கைகால்களைத் தேய்க்காமல், நெஞ்சையும் கழுத்தையும் முதலில் சூடாக்குங்கள். விழுங்கத் தெம்பிருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம். விரல் வெளுத்து மரத்துப்போனால் பனியால் தேய்க்கும் வழக்கம் சதையைக் கிழிக்கும், அக்குளுக்குள் வையுங்கள்.

கே: வண்டியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

ப: டிக்கியில் வைக்காதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம், பனி மூடினால் டிக்கி திறக்காது. பின்சீட்டில், கைக்கெட்டும் இடத்தில்: மண்வெட்டி, ஆளுக்கொரு கம்பளி, உலர்ந்த காலுறை, கையுறை, தொப்பி, தலையில் கட்டும் டார்ச், நிறைந்த பவர் பேங்க், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் (உறைந்தால் வெடிக்காமலிருக்க முக்கால் பாட்டில் மட்டும் நிரப்பவும்), கொட்டை வகைகள், தினமும் சாப்பிடும் மாத்திரை, மணல் ஒரு பை, ஜம்பர் கேபிள், வாயகன்ற பாட்டில் ஒன்று. கடைசிப் பொருள் எதற்கென்று விளக்க வேண்டியதில்லை.

சாலை திறந்ததும் அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். கூரைப் பனியைத் தள்ளுங்கள், இல்லையென்றால் முதல் பிரேக்கில் முன்கண்ணாடியை மூடிவிடும். சக்கர வளைவுக்குள் இறுகிய கட்டிகளைத் தட்டி எடுங்கள். அவை ஸ்டீயரிங்கை முழுதாகத் திரும்பவிடாது. டயர் காற்றையும் பாருங்கள்: ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரிக் குளிருக்கும் ஒரு பி.எஸ்.ஐ. அளவு இறங்கியிருக்கும்.